கேன் தண்ணீரும் என் ஆய்வும்

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள். ஆனால் அன்று முதுநகருக்குப் போகும்போது எந்தப் பயமும் இல்லை. அங்கே ஒரு தெருவின் அடிபம்புத் தண்ணீரைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அடுத்த வாரம் சிதம்பரத்தில் வைவா. அது முடிந்தால் டாக்டர் பட்டம். ஆய்வுக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஸ்வீட் வாங்கிப் போயிருந்தேன்.

முதல் வீட்டு அக்கா டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். கரித்தது.

"எந்தத் தண்ணிக்கா இது?"

"நம்ம பம்புதான். நல்ல தண்ணின்னு நீங்கதான போட்டீங்க? கேன் வாங்கறத நிறுத்திட்டோம். பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்கறதும் இதுலதான்."

"அன்னைக்கு பாட்டில்ல குடுத்தது?"

"அது கேன் தண்ணி மேடம்," என்று சிரித்தார். "காலேஜ்லேர்ந்து வந்தவுங்களுக்கு உப்புத் தண்ணியவா குடுக்கறது? மத்தவுங்க பம்புத் தண்ணி குடுத்திருப்பாங்க, நம்ம ஒரு பாட்டிலால என்னன்னு நெனச்சேன்."

அடுத்தடுத்த வீடுகளில் விசாரித்தேன். எல்லோரும் அப்படியேதான் நினைத்திருந்தார்கள். என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, உள்ளே போய் கேனைச் சாய்த்திருக்கிறார்கள். எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி சுத்தமாக வந்தபோது நான் சந்தோஷப்பட்டேனே தவிர, சந்தேகப்படவில்லை.

முதல் வீட்டுக்கே திரும்பி வந்து, பாப்பாவுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"எங்க வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு மேடம். அச்சுலயே வந்துருக்குன்னு சொல்வாரு. நீங்க இப்ப வாயால சொன்னா ஆச்சா?"

அங்கிருந்து நேராகச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கட்டுரையை வாபஸ் வாங்கினால் வைவா கிடையாது. கீரப்பாளையத்தில் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னதும், ஆய்வுக்கு வழிகாட்டும் என் கைடு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வைவா முடியட்டும்மா. அப்பறம் திருத்தம் அனுப்பிக்கலாம்."

அதற்கு மனம் ஏங்கியது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஏங்கியது. ஆனாலும் அவர் முன்னாலேயே, கட்டுரையை வாபஸ் வாங்குவதாகப் பத்திரிகைக்கு மெயில் அனுப்பினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

வைவா நின்றுவிட்டது. பத்திரிகையிலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. கட்டுரை இன்னும் இணையத்தில் அப்படியேதான் இருக்கிறது. அந்த அக்காவுக்கு தினமும் போன் செய்கிறேன். இப்போதெல்லாம் அவர் எடுப்பதில்லை.