பெயர் போடாத தாள்

இங்கே தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கொடுப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் வந்தபோது, அதை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிப்பீர்கள். கணவர் தோட்டப் பள்ளி ஆசிரியர். நான் மதுரைக் கல்லூரியில் தபால் வழியாக எம்.ஏ. முடிக்க வேண்டியிருந்தது. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகு இங்குள்ள பெண்களின் நாள் எப்படி மாறியது என்பதுதான் ஆய்வு. முப்பது வீடுகள் என்னிடம் வாய்திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

வாராவாரம் ஒரு தாள் எழுதி தோட்டத்து ராமையா கடைச் சுவரில் ஒட்டினால் நம்பிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். முதல் தாள், 'சமூகப் பொருளாதார மாற்றங்களின் பின்புலத்தில்' என்று தொடங்கியது. மூன்றாம் நாள் அதன்மேல் பந்தாட்ட அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். ரோஷம் வந்துவிட்டது. அடுத்த தாளில் ஒரே ஒரு பெண்ணின் ஒரு நாளை எழுதினேன். மரம் சீவிய காலத்தில் மதியமே வீடு திரும்பியவள், இப்போது சாயங்காலம்வரை செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்குகிறாள்; முதுகு வலி; தண்ணீர் லோரியும் நேரத்துக்கு வருவதில்லை. ஆய்வில் பெயரை மறைப்பதே மரியாதை என்று படித்தவள் நான். அதனால் அவள் பெயரைப் போடவில்லை. என் பெயரைப் போடுவது தற்பெருமையாகப் பட்டது, அதையும் விட்டுவிட்டேன்.

கடையில் கூட்டம் கூடி உரக்கப் படித்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் போன வீட்டிலெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் பதில்: "வேலை இருக்குலா, அப்புறம் வாங்க."

வழிமறித்துக் கேட்டவர் மாரியாயி. தாளில் இருந்த அந்த நாளை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"என்னைய மாட்டிவிடவா எழுதுனீங்க டீச்சரம்மா?"

"உங்க பேரே போடலையே அக்கா."

"அதான் கேக்குறேன். பேரு இல்லாம ஒட்டுனா அது மொட்டைக் கடுதாசி. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி யாரு சொன்னான்னு தேடுறாரு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறாங்க."

"பேரு போட்டா வம்பு வராதா?"

"நடந்ததத்தானே சொன்னேன். என் பேரப் போடுங்க. உங்க பேரையும் போடுங்க. ஒளிஞ்சாத்தான் வம்பு."

இந்தத் தோட்டத்தில் ஆளை ஆள் கவிழ்த்ததெல்லாம் பெயரில்லாத காகிதங்கள்தான் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அன்று மாலையே அவர் வீட்டில் உட்கார்ந்து திருப்பி எழுதிப் படித்துக் காட்டினேன். "முதுகு இல்ல, இடுப்பு," என்று திருத்தினார். கீழே இரண்டு பெயர்கள்.

கிராணி கடைக்கு வந்து படித்தார். "நீங்க எழுதுனதா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரமே தண்ணீர் லோரி நேரத்துக்கு வந்தது. அதன்பிறகு, "எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?" என்று என்னைத் தேடி வந்தார்கள். ஆறு மாதத்தில் நாற்பத்தொரு வீடு. எழுதத் தெரியும் என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

ஆய்வேட்டை அனுப்பும் சமயம் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது: பெயர்களை நீக்கவும், அதுவே முறை. நீக்கித் தட்டச்சு செய்தேன். மாரியாயி பார்க்க வேண்டும் என்றார். "பெண் ஏழு. இது நீங்கதான் அக்கா," என்றேன்.

"உங்க ஊருல நான் நம்பரா?" ஆய்வேட்டின் அட்டையைத் தொட்டார். "இங்க உங்க பேரு இருக்கா?"

"இருக்கு."

"கீழ என்ன ஊரு போட்டிருக்கு?"

மதுரை என்று இருந்தது. கடைச் சுவரில் பெயர் போட்டு ஒட்டிய தாள்களிலெல்லாம் என் பெயருக்குக் கீழே இந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் எழுதி வந்திருந்தேன்.