இரவல் ஆரம்

விவாகரத்துக்குப் பிறகு ஜீவனாம்சம் கேட்டுப் புதுக்கோட்டை கோர்ட்டுக்கு நான் நடையாக நடந்துகொண்டிருந்த நேரம். கறம்பக்குடியில் சித்தி மகளுக்குக் கல்யாணம். வெறுங்கழுத்தோடு போனால் நாலு பேர் பேசுவார்களே என்று பக்கத்து வீட்டு செல்வியக்காவிடம் ஆரம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். யாரோ எடுத்த போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது.

அடுத்த வாய்தாவில் என் முன்னாள் கணவருடைய வக்கீல் அந்தப் போட்டோவை நீட்டினார். "கழுத்து நெறய நகை போட்டிருக்கவங்களுக்கு ஜீவனாம்சம் எதுக்குங்கய்யா?"

இரவல் நகை என்று அழுதேன். அடுத்த வாய்தாவுக்குள் அதை நிரூபிக்கச் சொன்னார் நீதிபதி. முடியாவிட்டால் நானும் மகளும் பட்டினிதான்.

செல்வியக்கா தன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொடுத்த நகை அது. அக்கா கோர்ட்டுக்கு வருவார் என்ற நம்பிக்கையே எனக்கு இல்லை. ஆனால் நகைக்கடை ரசீதோடு வந்து நின்றார். "என்னோடதுதாங்கய்யா. இவ தோட்டையும் வித்துத்தான் புள்ளைக்கு ஃபீஸ் கட்டுனா."

ஜீவனாம்சம் கிடைத்தது. அக்காவிடம் அவர் வீட்டுக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்கும் வெறுங்கழுத்தோடுதான் போகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். போட்டோவும் எடுக்கட்டும்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்