கழுத்துக்குக் கீழே

ஒல்லியாக இருப்பவளுக்கு யார் வேண்டுமானாலும் ஜாக்கெட் தைத்துவிடலாம். அதில் என்ன பெரிய வித்தை? நல்ல தாராளமான உடம்புக்காரி ஒருத்திக்கு, கையைத் தூக்கினால் அக்குள் பிய்யாமல், குனிந்தால் முதுகு ஏறிக்கொள்ளாமல் தைத்துக் கொடுங்கள் பார்ப்போம். சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சரிதா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவளும் அப்படிப்பட்ட உடம்புக்காரிதான். பிறந்த ஊரான ராசிபுரத்தில் சின்ன வயதிலிருந்து எல்லோரும் அவளைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

சேலையோடு சேர்ந்து வரும் ஜாக்கெட் துணி அவளுக்கு என்றைக்குமே பத்தியதில்லை. கடைக்குப் போய் சுடிதார் கேட்டால், விற்கிற பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க சைசுக்கு மாடியில நைட்டி இருக்குதுங்க, போய்ப் பாருங்க" என்பான். சுடிதார் கேட்டவளுக்கு நைட்டியாம்! எரிச்சல் வருமா வராதா? அந்த எரிச்சலில்தான் அவள் போனில் ஒரு பக்கத்தைத் தொடங்கினாள். 'தாராளமா உடுத்து' என்று பெயர் வைத்தாள். சந்தைக்குப் போகும்போது கட்டிய பருத்திச் சேலை, டவுன் பஸ் படி ஏறுவதற்குத் தோதாகப் பக்கவாட்டில் வெட்டுவிட்ட குர்தா, பத்தாத ஜாக்கெட் துணியோடு எந்தத் துணியை எங்கே ஒட்டுப்போடலாம் என்பது, இப்படித் தினப்படிக்கு உடுத்துகிற சமாச்சாரம்தான். போட்டோவைப் போட்டு, அதன் கீழே நாலு வரி எழுதுவாள். 'பெரிய பூப்போட்ட சேலை குண்டா இருக்கிறவங்களுக்கு ஆகாதுன்னு சொன்னவ எவ? கட்டுங்க, நான் இருக்கிறேன்' என்று எழுதுகிற ரகம். ஆத்தூர் முதல் பரமத்தி வரை பெண்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு, பீரோவின் அடியில் போட்டு வைத்திருந்த சேலைகளை எடுத்துக் கட்டினார்கள்.

போட்டோ எடுப்பவன் அவள் புருசன் ரமேஷ்குமார். சேலம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. சாதுவான மனுசன்தான். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கண்டிசன் போட்டான். "மூஞ்சி மட்டும் வேண்டாம் சரிதா. அம்மா பார்த்தா ஊட்ல நிம்மதியா சோறு திங்க முடியாது." அவளும் சரி என்றாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அதனால் அந்தப் பக்கத்தில் இருந்த போட்டோக்கள் எல்லாமே கழுத்துக்குக் கீழேதான்.

ஆடி முடிந்து முகூர்த்தத் தையல் குவிந்து கிடந்த ஒரு காலை நேரம். சரிதா வீட்டை விட்டு வெளியே வரவே நேரமில்லாமல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். போனில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் வெண்ணந்தூர் நர்மதா. அவளது எழுத்துக்கு முதலில் பதில் போடுகிற பெண்களில் ஒருத்தி. நேரில் பார்த்ததில்லை.

'எங்களை எல்லாம் இருக்கிறபடியே இருங்கன்னு சொல்லிட்டு, நீங்க மட்டும் சத்தமில்லாம மெலிஞ்சுட்டீங்களேக்கா. கோவம் இல்லீங்க. உங்க மூஞ்சி இவ்வளவு களையா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. நானும் அங்கயே சேர நாளைக்குக் காலையில வாரேன்.'

கூடவே ஒரு பிளெக்ஸ் போர்டின் படம். அதைப் பார்த்ததும் சரிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்டின் இடது பக்கம் தலையில்லாத ஒரு பெருத்த உடம்பு, மேலே 'அன்று'. வலது பக்கம் கொடி மாதிரி ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், மேலே 'இன்று'. கீழே 'சிட்டு எடைக்குறைப்பு மையம், சூரமங்கலம்' என்று கொட்டை எழுத்து. அந்தத் தலையில்லாத உடம்பு கட்டியிருந்தது ராமர் பச்சைச் சேலை. ஜாக்கெட் கையில், துணி பத்தாமல் சேலை ஓரத்தைக் கிழித்து ஒட்டுப்போட்ட பட்டை. அந்த ஒட்டை எப்படிப் போட்டாள் என்று அவளே பக்கம் பக்கமாக எழுதி, ஊரெல்லாம் அதே மாதிரி தைத்துப் போட்டுக்கொண்ட ஜாக்கெட். யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

மிஷினில் இருந்த துணி நழுவி விழுந்தது கூடத் தெரியவில்லை. தன் உடம்பை அறுத்து எவளோ ஒருத்தியின் முகத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. உடனே நர்மதாவைக் கூப்பிட்டாள்.

"அது நான் இல்ல சாமி. அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஏனுங்க்கா, சேலை உங்களுதுதானுங்களே?"

"சேலை என்னுது. இடது பக்கம் இருக்கிறது நான்தான். வலது பக்கம் இருக்கிறது வேற எவளோ."

"மறைக்காதீங்க்கா. நாங்க பொறாமைப்பட மாட்டோமுங்க. மெலிஞ்சது நல்லதுதானே. எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை ஊட்ல, உடம்பைக் குறைச்சாத்தான் கல்யாணத் தேதி வைப்போம்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. நீங்களே குறைச்சிருக்கீங்கன்னா என்னாலயும் முடியுமுங்க. நாளைக்கு அங்க வந்து சேர்ந்துட்டு, உங்க ஊட்டுக்கும் வாரேன்."

சரிதா தன் பக்கத்தில் மறுப்பு எழுதிப் போட்டாள். நம்பினார்களா? ஒருத்தி 'பழைய போட்டோவைப் போட்டு ஏமாத்தினது போதும்' என்றாள். இன்னொருத்தி 'மூஞ்சியைக் காட்டாதவ பேச்சை எதை வெச்சு நம்பறது' என்றாள். அக்கா, அக்கா என்று உருகிய வாய்கள்தான் இவை. சரிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நாளைக்கு அந்தப் பெண் பஸ் ஏறி வந்து, தன் உடம்பைச் சாட்சியாக நம்பி, அங்கே எடை குறையக் கரைத்துக் கொடுக்கிற மாவை வாங்கிக் குடிக்கப் போகிறாள். அவளைத் தடுக்கத் தன்னால் முடியவில்லையே என்பதுதான் அவளை அரித்தது.

சிட்டு மையம் யாருடையது என்று சொல்லவில்லையே. ரமேஷ்குமாரின் தங்கை தேவிப்ரியாவுடையது. இரண்டு தெரு தள்ளிக் கடை. காலையில் மாவைப் பாலில் கரைத்துக் கொடுத்து எடையைக் குறைக்கிறேன் என்று தொடங்கியது, கூட்டம் வரவில்லை. சரி, நாத்தனார் புத்தி கெட்டு, 'தாராளமா உடுத்து' பக்கத்திலிருந்து படத்தைத் திருடிவிட்டாள் என்றுதான் சரிதா முதலில் நினைத்தாள். திட்டுவதற்குக்கூட வாய் தயாராகிவிட்டது. போர்டின் படத்தைப் பெரிதாக்கி இன்னொரு தரம் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் போட்டது முன்னால் இருந்து எடுத்த படம். போர்டில் இருப்பது பக்கவாட்டில் எடுத்தது. அதில் வயிறு தள்ளித் தெரிகிறது என்று அவள் போடாமல் விட்ட படம். அது ஒரே ஒரு போனில்தான் இருந்தது, எடுத்தவன் போனில்.

மத்தியானம் ரமேஷ்குமார் சாப்பிட வந்தான். சரிதா சோறு போடவில்லை. போர்டின் படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதை யாரு குடுத்தா?"

அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான். "தேவி வந்து அழுதா சரிதா. கடையை மூடற நெலமைன்னா. ஒரே ஒரு போட்டோ குடுண்ணான்னு..."

"கேட்டா குடுத்துருவீங்களா?"

"தலைதான் இல்லையே. யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, கேட்டீர்களா? கட்டினவன், போட்டோ எடுத்தவன், அவன் வாயால் சொல்கிறான், தலைதான் இல்லையே என்று.

"தலை இல்லாட்டி அது நான் இல்லீங்களா? ஏனுங்க, கழுத்துக்குக் கீழ அது எவன் சம்சாரமுங்க?"

அவன் அப்படியே திண்டாடி நின்றதைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் சரிதா பாவம் பார்க்கிற நிலைமையில் இல்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மாமியார் முத்தாயம்மாளுக்கு அன்றைக்குத்தான் மருமகளின் பக்கம், போட்டோ, பிளெக்ஸ் எல்லாமே ஒரே மூச்சில் தெரிந்தது. கிழவி கத்தப்போகிறாள் என்று இருவரும் பார்த்தார்கள். அவள் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, அந்தப் போர்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்து, "பொண்டாட்டிய முண்டமாக்கித் தெருவுல தொங்கப் போட்டிருக்கியேடா, பாவி" என்றாள். மாமியார் தன் பக்கம் பேசியதைக் கேட்ட அதிர்ச்சியில் சரிதாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் காலை சரிதா ராமர் பச்சைச் சேலையைக் கட்டினாள். அதே ஜாக்கெட்டைப் போட்டாள். புருசனைப் பார்த்து, "போனை எடுத்துட்டு வாங்க" என்றாள். எங்கே என்று கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

சிட்டு மையத்தின் வாசலில், போர்டுக்கு நேர் கீழே போய் நின்றாள். தெருவில் போனவர்கள் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பார்த்தார்கள். இத்தனை காலம் மறைத்து வைத்த முகம். ராசிபுரத்துக்காரர்கள் பார்ப்பார்கள், தையலுக்கு வருபவர்கள் பார்ப்பார்கள், என்ன சொல்லிச் சிரிப்பார்களோ என்று பயந்துகொண்டேதான் நின்றாள். ரமேஷ்குமார் போனைப் பிடித்தான். பழக்க தோசம், பாருங்கள், வழக்கம்போலக் கழுத்தோடு நிறுத்தினான்.

"மேல தூக்குங்க. தலையும் வரோணும், போர்டும் வரோணும்."

தேவிப்ரியா கடைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "அண்ணி! என்ன காரியம் பண்றீங்க? நாலு பேரு வர்ற இடமுங்க. தலையே இல்லாத போட்டோ, அது யாரா வேணாலும் இருக்கலாமுல்ல. நீங்களா வந்து நான்தான்னு நின்னா குடும்ப மானம் என்னாகறது?"

"என் உடம்பைத் தொங்க விட்டப்ப போகாத மானமா தேவி, மூஞ்சியைக் காட்டினாப் போயிரும்?"

படத்தை அங்கேயே நின்று பக்கத்தில் போட்டாள். 'இது நான். நேத்தும் இப்படித்தான், இன்னிக்கும் இப்படித்தான். பக்கத்துல சிரிக்கிற பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது' என்று மட்டும் எழுதினாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்த ஒரு பெண் சாலையைக் கடக்காமலே நின்றுகொண்டிருந்தாள். நல்ல வெயிலில், துப்பட்டாவைப் போர்வை மாதிரி உடம்பெல்லாம் சுற்றியிருந்தாள். போர்டைப் பார்த்தாள். சரிதாவைப் பார்த்தாள்.

"அக்கா... நான் நர்மதாங்க. நீங்க மெலியவே இல்லீங்களா?"

"இல்ல சாமி."

சந்தோசப்படுவாள், உண்மை தெரிந்து கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் சரிதா நினைத்திருந்தாள். நர்மதாவின் முகமோ வாடிச் சுருங்கிப் போனது. "நீங்க மெலிஞ்சிருப்பீங்கன்னு நம்பித்தானுங்க வந்தேன்" என்றாள். சரிதாவுக்குச் சுருக்கென்றது. இதற்காகவா இவ்வளவு பாடும்?

தேவிப்ரியா விடுவாளா? "அவங்க முயற்சி பண்ணலம்மா. நீ பண்ணினா நடக்கும். உள்ள வா, எடை பார்க்கலாம்" என்று கையைப் பிடித்தாள். நர்மதா இரண்டு அடி உள்ளேகூடப் போய்விட்டாள். தான் மூஞ்சியைக் காட்டியதால் யாருக்கு என்ன ஆயிற்று என்று சரிதா வெறுத்துப்போய் நின்றாள்.

எடை மிஷின் பக்கத்தில் நர்மதா நின்றாள். திரும்பி வெளியே பார்த்தாள். போர்டின் நிழல் வாசலில் விழுந்திருந்தது. நாளைக்கு அதில் தலையில்லாமல் தொங்கப்போகிற உடம்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராக ரமேஷ்குமாரிடம் தன் போனை நீட்டினாள்.

"அண்ணா, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்க. தலையோட."

சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டாள். சரிதாவின் பக்கத்தில் வந்து நின்றாள். போனைத் திரும்ப வாங்கி, எடுத்த படத்தை அங்கேயே அனுப்பினாள். யாருக்கு என்று சரிதா எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு! படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'நான் இப்படித்தானுங்க அத்தை இருப்பேன். சரின்னா தேதி வைங்க.'

"அடிப்பாவி! என்ன சாமி பண்ணீட்ட?" என்று சரிதா அலறியேவிட்டாள். தேவிப்ரியா வாயைப் பிளந்தபடி வாசலில் நின்றாள். ரமேஷ்குமார் படம் எடுக்கத் தூக்கிய கையை இறக்கக்கூட மறந்து போனான்.

"அத்தை பாத்துட்டாங்க்கா" என்றாள் நர்மதா. சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே போன் அடித்தது. திரையில் அத்தையின் பெயர். நர்மதா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, "சொல்லுங்க அத்தை" என்றாள்.