கிளோதினின் கிரீமும் பச்சையம்மாளின் மூக்கும்

உள்ளறையில் ரெனே தும்மினார். சுவரே அதிர்ந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் குண்டுச் சத்தத்துக்கு அசையாத மனுஷன், பென்ஷனோடு உழவர்கரைக்கு வந்தபின் மனைவியின் லாவெண்டர் எண்ணெயிடம் தினமும் சரணடைந்துகொண்டிருந்தார்.

கிளோதின் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் பாரீஸில். சமையலறையில் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருக்கிக் கிரீம் கிண்டி விற்பதுதான் அவள் வாழ்க்கை; வாசனைதான் அவள் மதம். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குள் நுழைந்தால் சாம்பிராணி வெட்கப்பட்டு ஒதுங்கும்.

வாசல் மணி அடித்தது. தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் பச்சையம்மாள். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையை அவள் விலக்கியதும் கிளோதின் கிட்டே குனிந்து பார்த்தாள். ஐயோ, கழுத்து முழுக்கச் செக்கச்சிவந்த தடிப்பு!

“வெள்ளிக்கிழமை எம்பொண்ணுக்கு நிச்சயம், மதாம். இந்தக் கழுத்தோட சபையில எப்படி நிப்பேன்?”

“இறால் தின்னியா?”

“பொறந்ததுலேர்ந்து தின்றேன். ஆஸ்பத்திரி டாக்டரு நான் பூசுற உங்க கிரீமை மோந்துட்டு ஜன்னலைத் தொறக்கச் சொன்னாரு. வாசனைதான் ஒத்துக்கலையாம்.”

“என்னோடது பூவுலேர்ந்து எடுத்த எண்ணெய்டீ!”

“நானும் அதைத்தான் டாக்டருகிட்ட சொன்னேன்! பூவா இருந்தா மட்டும் தோலு சும்மா விடுமா, அளவு மீறினா அதுவும் புண்ணாக்கும்ங்கறாரு.”

“எண்ணெய்ப் பாட்டிலையே கவுத்துட்டா இவ!” என்று உள்ளறையிலிருந்து ரெனே காட்டிக்கொடுத்தார். மறுபடி தும்மினார்.

கிளோதினின் கண்கள் குளமாயின. இந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால்?

“நீதானே ஒவ்வொரு வாட்டியும் மோந்து பார்த்துட்டு, வாசனை பத்தல, இன்னும் ஊத்துங்கன்னே?”

“விடியறதுலேர்ந்து மீன் கூடையில கெடக்கிற மூக்கு, மதாம்! அதைப் போயா நம்புனீங்க?”

ஊருக்கே விற்ற கிரீமுக்கு இந்த மூக்கைத்தான் அளவாக வைத்திருந்தாள் கிளோதின். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. “தப்பு என்னோடதுதான்” என்றாள். வாசனை கலக்காத டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“மொதல்ல டாக்டர் குடுத்ததைப் போடு. நல்லா ஆறினப்புறம் இதை முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவிப் பாரு. ரெண்டு மூணு நாள் ஒண்ணும் ஆகலைன்னாதான் மேல பூசணும்.”

பச்சையம்மாள் முகர்ந்தாள். “மெழுகு நாத்தம்!”

“அதை மறைக்கத்தான் வாசனையே. தோலுக்கு அதால ஒரு நன்மையும் இல்ல.” சொல்லி முடித்ததும், பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே பழித்துவிட்டதுபோல் நெஞ்சு வெடித்தது.

பச்சையம்மாள் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் திரும்பினாள்.

“நிச்சயத்துக்கு முன்வரிசையில ஒக்காரணும் நீங்க. மாப்பிள்ளை வூட்டார் எழுந்து ஓடாம இருக்கணும். குளிச்சிட்டுச் சும்மா வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது.