இலை மட்டும் கண்டவள்

இன்று சிங்கவரத்தில் மீனம்பாள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. செல்லப்பன் பெண்சாதி என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். செஞ்சியில் என்னோடு பத்தாவது படித்தபோது அவளுக்குச் சொந்தப் பெயர் இருந்தது. நாலு வருஷம்தான் ஆகிறது.

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில், மாணவர்களுக்கு மரம் கண்டுபிடிக்கும் போட்டி என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். தை மாதம் ராஜகிரி மலை அடிவாரத்தில் நடக்கும். நம்பர் கட்டிய மரங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும்.

எங்களுக்கெல்லாம் அது விளையாட்டு. மீனம்பாளுக்கு அப்படி இல்லை. அவள் வயதுக்கு வந்த நாளிலிருந்து தாய்மாமன் செல்லப்பன் கல்யாணத்துக்குப் பறந்துகொண்டிருந்தான். அவள் அப்பா தாண்டவராயன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இதுல ஜெயிச்சுட்டு வா. பதினொண்ணாவது படி, டீச்சருக்கும் படி. இல்லாங்காட்டி வைகாசியில கல்யாணம்."

"அப்போ என்ன மலைக்கு இட்டுனு போ நைனா. மரத்தப் பாக்கணும்."

"வயசுக்கு வந்த பொண்ணு காட்டுல சுத்தினா ஊரு இன்னா பேசும்? எல்லா மரத்து இலையும் நானே கொண்ணாறேன். ஊட்டுலயே படி."

கொண்டுவந்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆடு ஓட்டிப் போன நாளெல்லாம் துண்டு நிறைய இலை வந்தது. உசில், வெப்பாலை, ஒதியன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முறத்தில் போடுவார். நான் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓர் இலையை மூக்கருகே நீட்டுவேன். வாடையை வைத்தே சொல்லிவிடுவாள். "கப்பு நமக்குத்தான்" என்று ரஞ்சிதம் டீச்சரே சொன்னார்.

தை மாதம் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்து பள்ளிகளை மூடினார்கள். போட்டி பங்குனிக்குத் தள்ளிப் போயிற்று. படிக்க இன்னும் நாள் கிடைத்ததே என்று நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம், பைத்தியக்காரிகள்.

டீச்சர் துணைக்கு வந்ததால் போட்டிக்கு அவளை அனுப்பினார் தாண்டவராயன். பங்குனி வெயிலில் அடிவாரத்து மரங்களில் பாதி, இலை உதிர்த்து மொட்டையாக நின்றன. புளியையும் நாவலையும் டக்கென்று சொன்னாள். அடுத்தது வெறும் கிளைகள். அண்ணாந்து பார்த்தாள், பட்டையைத் தடவினாள். கீழே கிடந்த சருகையாவது பார்க்கலாம் என்றால், காற்று எல்லா மரத்துச் சருகையும் ஒன்றாய்க் குவித்து வைத்திருந்தது.

"சொல்லும்மா, நேரமாவுது" என்றார் போட்டி நடத்திய காட்டிலாகா ரேஞ்சர்.

"இலையே இல்லீங்களே சார்."

கூட்டம் சிரித்தது. அது ஒதியன்.

ஜெயித்தவன் இளையபெருமாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மலையில் திரிந்ததற்காக டீச்சரிடம் அடி வாங்கிய அதே இளையபெருமாள். பட்டையைத் தட்டித் தட்டிப் பெயர் சொன்னான். காட்டில் சுற்றினான் என்று அவனை ஊர் பேசவில்லை, கை தட்டியது. அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. தாண்டவராயன்மேல்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை. அன்று வீடு திரும்பிய மகளிடம், "அத்தினி இலையும் கொண்ணாந்தேனே, அப்புறம் இன்னா?" என்று கேட்டாராம்.

சொன்னபடி வைகாசியில் கல்யாணம் வைத்தார். பந்தலில் அரசங்கிளையும் ஒதியங்கிளையும் சேர்த்து அரசாணிக்கால் நட்டிருந்தார்கள். மலைக்குப் போய் வெட்டி வந்தது அவர்தான். ஒதியங்கிளையின் நுனியில் புதுத் தளிர் விட்டிருந்தது, அடியில் அதே சாம்பல் நிறப் பட்டை. மாலையோடு உட்கார்ந்திருந்த மீனம்பாள் அதை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஒதியன்டி" என்றாள். "இதான் அந்த மரம்."

கண்ணீர் வழிந்தது. ஓமப் புகை என்றார்கள் பக்கத்தில் இருந்த பெண்கள். தாண்டவராயன் பதறிப்போய் மகளருகே குனிந்தார்.

"இன்னாம்மா வேணும்? சொல்லு, நைனா கொண்ணாறேன்."