அரக்குச் சாயமும் ஆப்ப சோடாவும்

என் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் என் அப்பாவின் நெற்றி பிளந்துவிட்டது. இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். நகைத் தகராறா, சீர்வரிசையா, பெண்ணுக்கு வேறு யாராவதா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அக்குள் வேர்வை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் முகூர்த்த அங்கவஸ்திரத்தைத் தன் தறியிலேயே நெய்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சொந்தத்தில் வழக்கம். கடையில் வாங்கிக் கொடுத்தால் காலத்துக்கும் குத்திக் காட்டுவார்கள். அப்பா வெள்ளைப் பட்டில் சாண் அகலத்துக்கு அரக்குக் கரை வைத்து நெய்தார். அரக்கு என்றால் காய்ந்த ரத்த நிறம். சாயம் போட்ட நூலை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் வைத்துக் கசக்கிப் பார்த்து, ஒரு துளி கூட ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் தறியில் ஏற்றினார். அவர் துணியில் சாயம் போகாது என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. வாழ்க்கையில் அவர் சேர்த்து வைத்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

மாப்பிள்ளை ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவர். அப்பா இல்லாத பிள்ளை. வளர்த்தது சித்தப்பா. சித்தப்பாவுக்குக் காந்தி ரோடில் பட்டுக் கடை. ஆக, பட்டு விற்ற காசில் வளர்ந்தாலும் இவர் தறிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அவருக்கு வேர்க்கும். சாதாரணமாக இல்லை, குழாயைத் திறந்துவிட்டது போல வேர்க்கும். நாற்றமும் அடிக்கும். கல்யாணம் நெருங்க நெருங்க இந்தப் பயம் அவரைத் தின்றிருக்கிறது. சலூன்காரர் படிகாரம் தேய்த்துவிட்டார். அது அரை நாள் கூடத் தாங்கவில்லை. பவுடர் திட்டுத் திட்டாக வழிந்தது. வாங்கிய ஸ்பிரே எல்லாம் தோலை எரித்துப் புண்ணாக்கியது. கடைசியில் போனில் யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருக்கிறான், ஆப்ப சோடாவை எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசினால் நாள் முழுக்க வாடை வராது என்று. முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளை அறைக்குத் தாழ் போட்டுக்கொண்டு இவர் அதைச் சுவருக்குப் பட்டி பார்ப்பது போல அப்பிக்கொண்டார். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது.

நெசவுக்காரன் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் இதைச் செய்யாது. சாயம் போடுவதற்கு முன்னால், கச்சாப் பட்டின் பசை போகச் சோடா போட்டு வேக வைப்பார்கள். சாயம் ஏறிவிட்டால் அதே சோடா பட்டுக்கு எமன், சாயத்தைக் கழற்றிவிடும்.

வைகாசி வெயில். ஹோம அக்னி அணைந்துவிடும் என்று மேடைக்கு மேலிருந்த மின்விசிறிகளை ஐயர் நிறுத்தச் சொல்லிவிட்டார். வீடியோக்காரர்களின் லைட் வேறு நெருப்பாகக் காய்ந்தது. மாப்பிள்ளை சட்டையில்லாமல் அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அட்சதை எடுக்கக்கூட முழங்கை நகரவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு ரத்தம் வருது பாரு" என்று முன் வரிசையில் ஒரு அம்மா சொன்னாள்.

சித்தப்பா மேடைக்கு வந்தார். மாப்பிள்ளையின் விலாவில் ஒரு விரலை வைத்து எடுத்தார். அந்த விரலைத் தன் வெள்ளை வேட்டியில் தேய்த்தார். வேட்டி சிவந்தது. பட்டுக் கடைக்காரர் கண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஐயருக்கு முன்னால் மைக் இருந்ததை அவர் கவனிக்கவில்லை, அல்லது நன்றாகக் கவனித்தார்.

"சாயம் போவுதுபா. மாப்பிள்ளைக்கே மட்டத் துணி நெய்ஞ்சி குடுத்துக்கிறான். பொண்ணு எப்பிடியோ."

மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்பா கையில் தாம்பாளம் வைத்திருந்தார். அதைப் பக்கத்தில் வைத்தார். நிதானமாக நடந்து வந்து சித்தப்பாவின் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தத்தையும் மைக் வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டில் கோபம் குடும்பச் சொத்து. அப்பாவுக்கு அடுத்தபடி என் அண்ணன் தாவினான். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நாற்காலிகளைத் தாண்டி வந்தார்கள். யாரோ அண்ணனின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். அண்ணன் படுத்த வாக்கிலேயே மிதித்தவன் காலைக் கடித்தான். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் ஓடியது. ஹோம குண்டத்தில் யாருடைய காலோ பட்டு நெருப்பும் சாம்பலுமாகச் சிதறியது. ஐயர் தன் பையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிவிட்டார். அம்மா அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று அவள் முதுகில் விழுந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மணையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குள் கொதித்தது. மாமனாரை அடிக்கிறார்கள், இந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று திரும்பி அவரை நன்றாகப் பார்த்தேன். அக்குள் இடுக்கில் வெள்ளையாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆப்ப சோடா என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றேன்.

அவர் என் பக்கம் சாய்ந்தார். "வேணாம்மா. மானம் போயிடும்."

யார் மானம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சித்தப்பாவின் கையில் பித்தளைச் சொம்பு அகப்பட்டது. அவர் அதை ஓங்கி அப்பாவின் நெற்றியில் இறக்கினார். புருவத்துக்கு மேலே தோல் இரண்டாகப் பிரிந்தது. அப்பா ரத்தத்தைத் துடைக்கவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. சின்னப் பிள்ளை போலச் சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார். "என் துணியில சாயம் போவாது. என் துணியில சாயம் போவாது."

நான் மாப்பிள்ளையின் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் இறங்கும் அளவுக்குப் பிடித்தேன். "கையத் தூக்கு" என்றேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. அவர் இறுக்கிக்கொண்டார். நான் எழுந்து நின்று, கையைப் பின்பக்கமாக முறுக்கி, ஒரே இழுப்பில் மேலே தூக்கினேன். தோளில் ஏதோ கடக்கென்றது. அவர் கத்தினார். அங்கவஸ்திரம் நழுவி விழுந்தது. அக்குள் முழுக்கச் சோடா, ஆரத்தித் தட்டின் அடியில் தங்கும் சுண்ணாம்பு மாதிரி சிவந்து அப்பியிருந்தது. நாற்றமும் வந்தது. கட்டி வைத்து மறந்துபோன ஈர நூலின் வாடை. எனக்குக் குமட்டியது, அதையும் மறைப்பதற்கில்லை.

"எல்லாரும் பாருங்க" என்றேன். "சோடா. அக்குள்ல சோடா பூசிக்கினு வந்து உக்காந்தா எந்தப் பட்டு நிக்கும்? எங்க அப்பாவ எதுக்கு அடிக்கிறீங்க?"

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அடிதடி அப்படியே நின்றது. பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் பல பேர் சிரித்தார்கள். அவர் அப்படியே, நான் தூக்கிப் பிடித்த கையோடு, அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கையை விட்டேன்.

சித்தப்பாவுக்குத் தோற்றுப் போகப் பிடிக்கவில்லை. "எழுந்து வாடா. மணையில கைய முறுக்கறவ, வூட்டுக்கு வந்தா கழுத்த முறுக்குவா. நமக்கு இந்தச் சம்பந்தமே வேணாம்."

அவர் எழுந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அழுகை வந்தது. ஆனால் செய்தது தப்பு என்று தோன்றவில்லை. அப்பாவின் நெற்றியிலிருந்து ரத்தம் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்தபோது வேறு எதை நான் யோசித்திருக்க முடியும்?

அவர் மேடையை விட்டு இறங்கவில்லை. கீழே கிடந்த ஐயரின் மைக்கை இடது கையால் எடுத்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் மாப்பிள்ள பேசறேன்" என்றார். "துணி நல்ல துணி. எனக்கு ரொம்ப வேர்க்கும். நாறும். அதுக்குப் பயந்துதான் சோடா பூசிக்கினேன்."

சித்தப்பா அவர் வாயிலேயே அறைந்தார். "கம்னு கெட. சந்தி சிரிக்குது." ஒலிபெருக்கியில் அந்த அடி வெடிச் சத்தம் போலக் கேட்டது. அவர் உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"மாமா நெய்ஞ்ச துணியில ஒரு கொறையும் இல்ல. கொற எங்கிட்டதான் இருக்குது. சித்தப்பா சொன்னது பொய்."

மண்டபத்து வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தெருக்கோடி ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். சித்தப்பா சொம்பைத் தரையில் எறிந்துவிட்டுத் தன் ஆட்களோடு வெளியே போனார். இன்றுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மிதிக்கவும் வேண்டாம்.

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, காயத்தில் காபித்தூளை அப்பித் துண்டால் கட்டினார்கள். அவர் மடியில் அந்த அங்கவஸ்திரம் இருந்தது. கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐயரைக் கெஞ்சிக் கூட்டி வந்து, சாம்பலைக் கூட்டித் தள்ளி, புதிதாக அக்னி மூட்டினோம். மேளக்காரர்கள் எதுவுமே நடக்காதது போலக் கெட்டிமேளம் கொட்டினார்கள்.

தாலியை எடுத்துக்கொண்டு அவர் என் பக்கம் குனிந்தார். இடது கை என் தோளுக்கு மேலே வந்தது. வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது. கீழுதடு வீங்கியிருந்தது. மேலே மறைக்க ஒரு துணியும் இல்லை.

"தோள் புடிச்சிக்கிச்சிமா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கை மேல வரல."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கையை நீட்டி, அவர் முழங்கையைக் கீழிருந்து தாங்கி, வலிக்காமல், என் முகத்துக்குப் பக்கத்திலேயே தூக்கிவிட்டேன். அவர் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் அந்த வாடைக்கு மூச்சைப் பிடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.