சத்து மாத்திரை

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில். மேல்மாடிகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்புத் தொப்பென்று கீழே வந்து விழும். அவற்றைப் பிரித்து, கறை இருப்பதை ஒரு தொட்டியிலும் இல்லாததை இன்னொன்றிலும் போட வேண்டும். வாந்தி, ரத்தம், மது, வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இன்னும் எத்தனையோ. வந்த புதிதில் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. "கையுறையை மாட்டிட்டா எல்லாம் வெறும் துணிதான்" என்பாள். அந்த நாட்டில் இருந்த நம் ஜனங்கள் அவளை லாண்டரியக்கா என்றே கூப்பிட்டார்கள். "என் பொண்டாட்டிக்கு அருவருப்புன்னா என்னன்னே தெரியாது" என்று அவள் புருஷன் நாலு பேர் நடுவில் பெருமையடித்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வருஷம் மனுஷர்களைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வந்தது.

இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் ஊரில் பிறந்தவள். சின்னவள் அந்த நாட்டுக்கு வந்தபின் பிறந்தாள், பிறக்கும்போது தாயை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் பிறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. யாருடைய ரத்தத்தையோ ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது குழந்தையைத் தூக்கவே தெம்பில்லை. இன்னொரு தடவை இதைத் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புருஷனிடம் சொன்னாள். குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன், மூக்குச் சிவந்து வீட்டுக்கு வருகிறவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். "பாத்துக்கலாம் விடு" என்றான். ஆணுறை வாங்கி வரச் சொன்னால், "அந்தக் கடைல நம்ம ஆளுங்க வேலை செய்யறாங்க, எப்படிக் கேக்கறது?" என்று தலையைச் சொறிந்தான்.

சரி, நாமே பார்ப்போம் என்று கருத்தடை மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்தவன் காதில் கை வைத்து, சத்தமாகச் சொல்லு என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவள் வயிற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்று அவன் சொன்னது கடைக்கோடி வரைக்கும் கேட்டது. பிறகு ஊருக்குப் போய்வந்த ஒருத்தி பெட்டியின் அடியில் மறைத்து எடுத்து வந்த மாத்திரை அட்டை ஒன்று கைக்கு வந்தது. வெயிலில் கிடந்ததோ, தேதி முடிந்ததோ, அதைத் தின்று அவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள்.

அதற்கப்புறம்தான் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மொழி தெரியாதவர்களுக்கு அங்கே ஆள் வைத்துப் பேசவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பொம்பளையாக இருந்தால் நல்லது என்று முன்மேசையில் இருந்த பெண்ணிடம் கைஜாடையில் சொல்லிப் பார்த்தாள். அவள் சிரித்த முகமாகத் தலையாட்டினாள். உள்ளே நுழைந்தால் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது மைக்கண்ணன்.

எந்த விசேஷமானாலும் மைக்கைப் பிடித்தால் விடாதவர் என்பதால் அவருக்கு அந்தப் பேர். பகலில் இன்சூரன்ஸ் விற்பார், இடைநேரத்தில் ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் எங்கே கூப்பிட்டாலும் போய் மொழி சொல்வார். அவர் சென்ட் வாசனை அந்தச் சின்ன அறையை நிரப்பியிருந்தது. பல்லிடுக்கில் குச்சி வைத்துக் குத்திக்கொண்டே, "அடடே, நம்ம தங்கச்சியா! வா வா, உக்காரு. என்ன உடம்புக்கு?" என்றார்.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் இந்த ஒரு நாள் லீவுக்காக மேற்பார்வையாளரிடம் கெஞ்சியது நினைவுக்கு வந்தது. மேசைக்கு எதிரே இருந்த டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டே, மைக்கண்ணன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு இப்ப குழந்தை வேணாம். லூப் வைக்கணும்னு சொல்லுங்க. போன பிரசவத்துல ரத்தம் நிக்கலைன்னும் சொல்லுங்க."

"ரெண்டும் பொண்ணுதானே?"

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்." குச்சியை எடுத்துப் பார்த்து, உடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு டாக்டரம்மாவிடம் பேச ஆரம்பித்தார். இவள் சொன்னது ரெண்டு வாக்கியம். அவர் பேசியது ஒரு மேடைப்பேச்சு. வேலை செய்யும் இடத்தில் காதில் விழுந்து விழுந்து படிந்த சில சொற்கள் மட்டும் அவளுக்குப் புரிந்தன: களைப்பு, பலவீனம், பெண் குழந்தைகள். டாக்டரம்மா இரக்கத்தோடு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஒரு கேள்விகூட அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

"லூப் இப்ப உன் உடம்புக்குத் தாங்காதாம்மா. இந்த மாத்திரையை டெய்லி ஒண்ணு போடு. அதுவே போதுமாம், கவலைப்படாத" என்றார் மைக்கண்ணன்.

கடைக்காரன் இந்தத் தடவை வாய் திறக்காமல் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தான். மேலே இருந்த எழுத்து அவளுக்கு வெறும் கோடுகள். அன்றிலிருந்து தினமும் காலையில் சமையலறைத் தொட்டியருகே நின்று ஒரு மாத்திரையை விழுங்குவாள். புருஷன் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே அதைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. படுக்கையில் முன்புபோல் விலகிப் படுக்கவில்லை.

வெளுக்கும் கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவள் வேறொரு தேசத்துக்காரி. இடுப்பு வரைக்கும் சுருள் முடி, அதனால் சுருட்டை. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த நாட்டு மொழியில் ஒரு கைப்பிடிச் சொல்தான். மிச்சம் எல்லாம் கண்ணும் கையும். அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரின் நடை முதல் மாமியார் கதை வரை எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பார்கள்.

ஒரு நாள் காலை அவசரத்தில் மாத்திரையை மறந்து, சாப்பாட்டு நேரத்தில் போட்டாள். சுருட்டை டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் அம்மாவும்" என்றாள். புஜத்தை மடக்கிக் காட்டினாள். "ரத்தம். இரும்பு. பலம்."

லாண்டரியக்கா சிரித்தாள். "இல்ல இல்ல." வயிற்றை உருண்டையாக வரைந்து காட்டி, அதைக் கையால் துடைத்து அழித்தாள். குழந்தை வராமல் இருக்க.

சுருட்டையும் சிரித்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

ஊரில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுப்பார்களே, அதே சத்து மாத்திரை. குழந்தை நல்லபடியாக வளர வேண்டும் என்று கொடுப்பது. அந்த மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது. மாத்திரையால்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள். சுருட்டை அப்போதே எதிர்க்கடைக்கு ஓடிப்போய்ப் பரிசோதிக்கிற குச்சி வாங்கி வந்தாள். வேலைக்காரர்கள் கழிப்பறையில், ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லாண்டரியக்கா அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே சுருட்டை தன் மொழியில் ஏதோ ஜெபம் செய்துகொண்டிருந்தாள். ஒரே கோடுதான் விழுந்தது. இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்தாள். வாயில் எச்சில் ஊறியபடியே இருந்தது. துப்பித் துப்பி மாளவில்லை.

அந்த ஞாயிறு யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள், வாடகைக் கூடத்தில். மைக்கண்ணன் மைக்கும் கையுமாக இருந்தார். கேக் வெட்டி முடிந்ததும் அவரைப் பின்பக்கம் கூப்பிட்டாள். எச்சில் தட்டுகள் நிறைந்த குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னம்மா, திடீர்னு?"

"நான் லூப் கேட்டேன். நீங்க சத்து மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கீங்க."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, தனியாகக் கூப்பிட்டு அறிவுரை சொல்கிற தோரணையில் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, வெளியூர்ல வந்து கெட்டுப்போயிடக் கூடாது. உடம்பு தேறட்டும், அப்புறம் ஒரு ஆம்பளப் புள்ள பெத்துக்கோ. அடுத்த குழந்தைக்குத் தயாராகணும், தெம்பு வேணும்னு சொன்னேன். தப்பா என்ன சொல்லிட்டேன்?"

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

"நான் யாரா? உன் அண்ணன் மாதிரி. உன் வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே போன் போட்டுப் பேசிட்டேனே. அவருக்கு எல்லாம் தெரியுமே!"

சொல்லிவிட்டு அவள் தோளில் தட்டினார். கேக்கின் க்ரீம் அவர் விரலில் இருந்தது. அது அவள் சட்டையில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்க ஊரார் அழுக்கை அள்ளுகிறவள், அந்த ஒரு துளியைப் பார்த்துவிட்டுக் குப்பைத்தொட்டிக்குள் குனிந்து வாந்தியெடுத்தாள். "பாத்தியா, நல்ல சேதிதான் போல" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

வீட்டில் புருஷன் சின்னவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். மாத்திரை டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்த விதத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கல்யாணமானதிலிருந்து 'நீங்க' தவிர வேறு சொல்லாதவள். அவன் தலை நிமிரவில்லை.

"அவரு சொன்னாரு... அம்மாவும் போன்ல ஒரு பேரன் பேரன்னு உயிரை எடுக்கறாங்க. வந்தா வரட்டும்னு..."

"தினமும் காலைல நான் அதை முழுங்கறதைப் பாத்துகிட்டுதானே பூட்ஸ் கட்டின?"

"சொல்லணும்னுதான் நினைச்சேன்."

"ராத்திரி பக்கத்துல வந்து படுக்கும்போதும் நினைச்சியா?"

அவன் குழந்தையின் வாயைத் துடைத்தான். அடித்திருந்தால்கூட இவ்வளவு அருவருத்திருக்க மாட்டாள். குடித்துவிட்டுக் கத்துகிறவனைத் திட்டலாம், எதிர்த்து நிற்கலாம். இவன் சாதுவாக, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டு, சொல்லணும்னு நினைச்சேன் என்கிறான். அன்றே அவன் போர்வையையும் தலையணையையும் கூடத்தில் தூக்கிப் போட்டாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுருட்டை கூட வந்தாள். மொழி சொல்ல ஆள் இல்லாமல் டாக்டர் பார்க்க மாட்டார் என்றாள் முன்மேசைப் பெண். வேண்டாம் என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்தப் பெண் எழுந்து போய் டாக்டரம்மாவையே கூட்டி வந்தாள். துணி பிரிக்கும் மேசையில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியதை லாண்டரியக்கா அந்த மொழியில் சொன்னாள். இலக்கணம் எல்லாம் நொண்டியடித்தது. "நான் குழந்தை வேண்டாம். அந்த ஆள் பொய். இந்த மாத்திரை பொய்." சுருட்டை தன் பங்குக்கு வயிற்றை வரைந்து காட்டி, விரலால் லூப் போல வளைத்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டப்போக, காத்திருந்த பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முகம் சிவந்து, உள்ளே கூட்டிப்போய், மேசைத் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்குரல் தமிழில் பேசியது. "வணக்கம்மா. நான் மொழிபெயர்க்கறவ. உங்க பேரும் எனக்குத் தெரியாது, முகமும் தெரியாது. நீங்க சொல்றதை அப்படியே சொல்றேன், சொல்லுங்க."

லாண்டரியக்காவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"இந்தப் போன் அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சான்னு கேளுங்க."

குரல் கேட்டது. டாக்டரம்மா ஏதோ சொன்னாள். குரல் திரும்பி வந்தது: "இருந்துச்சாம். நேர்ல ஒருத்தர் வந்திருந்ததால யாரும் யோசிக்கலையாம். மன்னிப்புக் கேக்கறாங்க."

யோசிக்கவில்லை. கையைத் தட்டிக்கொடுக்க மட்டும் யோசித்தாள். அந்த மன்னிப்பை எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. படுக்கையில் ஏறிப் படுத்தாள். லூப் வைத்தார்கள். வலித்தது. எப்போது வலிக்கும், எவ்வளவு வலிக்கும், என்ன ஆனால் திரும்பி வர வேண்டும் என்று குரல் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. சுருட்டை கையைப் பிடித்துக்கொண்டாள்.

மைக்கண்ணனைப் பற்றிப் புகார் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியில் மட்டும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். போலீஸிலும் கோர்ட்டிலும் அவர் இன்னமும் அடுத்தவர் வாய்க்குப் பதில் தன் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார். விசேஷங்களில் மைக்கும் அவரிடம்தான். அவர் சொல்லி வைத்ததில், லாண்டரியக்கா உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிப் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவளும் போவதை நிறுத்திவிட்டாள்.

புருஷன் கூடத்திலேயே படுத்தான். பல மாதம் கழித்து அவனாகவே போய் ஆணுறை வாங்கி வந்து மேசையில் வைத்தான், கெட்டிக்காரப் பிள்ளை மார்க் அட்டையை நீட்டுவதுபோல. "இப்ப எதுக்கு?" என்றாள். பிள்ளைகளுக்காக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவன் தன் அம்மாவிடம், "பேரன் கிடையாதும்மா, விடு" என்று போனில் சத்தமாகச் சொல்கிறான், இவள் காதில் விழட்டும் என்று. அவள் கேட்டுக்கொள்கிறாள். அவன் கை தவறிப் பட்டால் உடம்பு இன்னும் சுருங்கத்தான் செய்கிறது.

போன மாதம் ஓட்டலின் பின்வாசலில் ஒரு பெண் அவளுக்காகக் காத்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. மைக்கண்ணன் மனைவி. நாலு பிள்ளை பெற்றவள். விசேஷக் கூடத்தில் முதலில் நாற்காலியை நகர்த்தியவளும் அவள்தான்.

"எனக்கும் அந்தப் போன்ல பேசற பொண்ணு வேணும்" என்றாள். "அவருக்குத் தெரியக் கூடாது."

லாண்டரியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நாக்கு நுனியில் நிறைய வந்தது. "வெள்ளிக்கிழமை காலைல வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மாள் வழியெல்லாம் அவருடைய சர்க்கரை வியாதியைப் பற்றியும், முட்டிவலியைப் பற்றியும், மதியச் சாப்பாட்டுக்கு அவருக்கு எண்ணெய் இல்லாமல் என்னென்ன செய்துகொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். லாண்டரியக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் நிறுத்தம் வந்ததும், "தலை சுத்துனா திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போங்க, வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று விறுவிறுவென நடந்தாள்.